வட கடலின் வசந்தப் பந்தி: கரைக்கடல் பாக்டீரியாக்கள் பருவத்துக்குப் பருவம் மாறுவது எப்படி?

ஜெர்மனியின் எல்பா ஆறு வட கடலில் கலக்கும் இடத்துக்கு வெளியே ஹெல்கோலாந்து என்ற சிவப்புப் பாறைத் தீவு இருக்கிறது. பக்கத்திலேயே டூனெ என்ற சின்ன மணல் தீவு. இரண்டுக்கும் நடுவில், ஓதத்தைப் பொறுத்து ஆறு முதல் பத்து மீட்டர் வரை ஆழமுள்ள நீரில் ஒரு மிதவை கட்டப்பட்டிருக்கிறது. அதற்குக் 'காபெல்டொன்னெ', அதாவது கேபிள் மிதவை என்று பெயர். 1962 முதல் வேலை நாள்தோறும் ஒரு படகு அந்த இடத்துக்குப் போய் மேல்மட்ட நீரை எடுத்து வருகிறது. வெப்பநிலை, உப்புத்தன்மை, நைட்ரேட், பாஸ்பேட், சிலிகேட், நீரின் தெளிவு, அதில் மிதக்கும் நுண்பாசிகளின் வகையும் எண்ணிக்கையும் அன்றன்றே பதிவாகின்றன. கடலின் ஒரே இடத்தை இவ்வளவு அடுத்தடுத்து, இத்தனை ஆண்டுகள் பார்த்துவந்த இடங்கள் உலகத்தில் மிகச் சில.

2009 முதல் அதே நீரில் பாக்டீரியாக்களையும் நெருக்கமாகப் பின்தொடரும் வேலை நடந்தது. தீவில் 1892-இல் தொடங்கப்பட்ட உயிரியல் நிலையமும், பிரேமன் நகரத்து மாக்ஸ் பிளாங்க் கடல் நுண்ணுயிரியல் நிறுவனமும் சேர்ந்து செய்த வேலை அது. ஹன்னோ டீலிங், ரூடால்ஃப் ஆமன் ஆகியோரின் குழு 2012-இல் வெளியிட்ட முதல் முடிவும், நான்கு வசந்தங்களை ஒப்பிட்டு 2016-இல் வெளியிட்ட தொடர்ச்சியும் கரைக்கடல் பாக்டீரியாவின் பருவத்தைப் புரிந்துகொள்ள இன்றும் நல்ல நுழைவாயில்.

கரைக்கடல் நீர் ஒரு மில்லிலிட்டரில் ஏறத்தாழ பத்து லட்சம் பாக்டீரியாக்கள் இருக்கும். குளிர்காலத்தில் அதில் பாதியளவுக்கு இறங்கும், பாசி பெருகும் காலத்தில் இரண்டு மூன்று மடங்காக ஏறும். இந்த ஏற்ற இறக்கத்தைவிட, அந்தப் பத்து லட்சத்தில் யார் யார் இருக்கிறார்கள் என்பது மாறுவதுதான் பெரிய விஷயம். பருவம் மாறினால் பாக்டீரியா மாறும் என்றதும் நாம் வெப்பமானியைத்தான் முதலில் பார்ப்போம். ஹெல்கோலாந்தின் வசந்தம் வேறொன்றைப் பார்க்கச் சொல்கிறது: பாசிகள் எந்தச் சர்க்கரையை எந்த நேரத்தில் நீரில் விடுகின்றன? பந்தியில் எது எப்போது பரிமாறப்படுகிறதோ, அதைச் சாப்பிடத் தெரிந்தவர் அப்போது பெருகுகிறார். கட்டுரையின் மீதி முழுவதும் அந்தப் பந்தியைப் பற்றித்தான்.

குளிர்காலம்: பசியில் வாழத் தெரிந்தவர்கள்

பிப்ரவரி, மார்ச் தொடக்கத்தில் ஹெல்கோலாந்து நீரின் வெப்பம் 3 முதல் 5 டிகிரி. பகல் குறுகியது, காற்று ஓயாது, அடிமண் கலங்கி நீர் பழுப்பாக இருக்கும். ஆறுகள் கொண்டுவந்த நைட்ரேட்டும் சிலிகேட்டும் நீரில் தாராளமாகக் கிடக்கின்றன. ஆனால் ஒளி போதாததால் பாசி வளரவில்லை. பாசி இல்லையென்றால் பாக்டீரியாவுக்குப் புதிய சாப்பாடு இல்லை.

இந்த நேரத்து நீரில் மேலோங்கி நிற்பது சார்11 என்ற கூட்டம். உலகக் கடல்களின் மிதக்கும் உயிரணுக்களில் ஏறத்தாழ நாலில் ஒன்று இதுதான். 1990-இல் சர்காசோ கடல் நீரில் மரபணு வடிவில் மட்டும் அடையாளம் தெரிந்தது. 2002-இல்தான் ஆய்வகத்தில் வளர்க்க முடிந்தது. பெலாஜிபாக்டர் யூபிக்கே என்று பெயர் பெற்ற அந்த உறுப்பினரின் மொத்த மரபுத்தொகுதி வெறும் 13 லட்சம் எழுத்துகள், சுமார் 1,350 மரபணுக்கள். ஒரு செல்லின் அகலம் 0.2 மைக்ரானைத் தாண்டாது. உடல் சிறிதாக இருந்தால் கனஅளவோடு ஒப்பிடும்போது மேற்பரப்பு அதிகம். நீரில் மிக நீர்த்துக் கிடக்கும் அமினோ அமிலங்களையும் சிறு கரிம அமிலங்களையும் பொறுக்கியெடுக்க அதுவே வசதி. இவை மெதுவாக வளரும், எப்போதும் வளரும். திடீர் விருந்து வந்தால் ஓடிப்போய்ப் பெருகும் வசதி இவற்றிடம் இல்லை.

குளிர்காலத்துக்கென்றே இன்னொரு கூட்டமும் உண்டு. அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றிப் பிழைக்கும் ஆர்க்கியாக்கள், நைட்ரோசோபியூமிலஸ் வகையறா. இவை பாக்டீரியாவே அல்ல, உருவில் அவற்றைப் போன்ற தனி உயிர்க்கிளை; ஆனால் அதே வடிகட்டியில் சிக்கும். நெதர்லாந்தின் டெக்ஸல் தீவருகே வட கடல் நீரில் இவற்றின் உச்சம் குளிர்மாதங்களில் வருவது 2006-இலேயே காட்டப்பட்டது. கோடையில் அம்மோனியாவைப் பாசிகள் பறித்துக்கொள்கின்றன. வெயிலும் இவற்றுக்கு ஆகாது. பாசி ஓய்ந்து ஒளி குறையும்போது இவற்றுக்கு வழி திறக்கிறது.

குளிர்கால நீரை 'செத்த நீர்' என்று நினைத்துவிடக் கூடாது. பிரிட்டனின் பிளிமத் நகருக்கு வெளியே எல்4 என்ற நிலையத்தில் ஆறு ஆண்டுகள் மாதந்தோறும் எடுத்த மாதிரிகளில், எல்லா ஆண்டும் வகைப்பன்மை உச்சத்தைத் தொட்டது குளிர்காலத்தில்தான். எவரும் திடீரெனப் பெருகி மேலேறாதபோது பலருக்கும் கொஞ்சம் கொஞ்சம் இடம் கிடைக்கிறது.

மார்ச் முதல் மே வரை: இலை போட்ட பிறகு

பகல் நீண்டு நீர் தெளியத் தொடங்கியதும் டயாட்டம்கள் பெருகுகின்றன. சிலிக்காவால் ஆன கண்ணாடி ஓடு கொண்ட நுண்பாசிகள் இவை. சூரியனிடம் வாங்கிய ஆற்றலை லாமினாரின் என்ற சர்க்கரையாகச் சேமிக்கின்றன. இருபது முப்பது குளுக்கோஸ்கள் கோத்த சங்கிலி, அங்கங்கே சிறு கிளை. பல கடல்களில் அளந்து பார்த்த 2020-ஆம் ஆண்டு ஆய்வு, நீரில் மிதக்கும் துகள்களின் கரிமத்தில் சராசரியாக 26 விழுக்காடு லாமினாரின் என்று சொன்னது. நிலத்தில் அரிசியும் கிழங்கும் மாவுச்சத்தைத் தாங்கியிருப்பது போலக் கடலுக்கு லாமினாரின்.

பாசி உயிரோடு இருக்கும்போதே கொஞ்சம் கசியும். சிலிகேட் தீர்ந்து டயாட்டம்கள் நலியும்போதும், வைரஸ் உடைக்கும்போதும், மேய்ச்சல் உயிரிகள் கடித்து மென்று சிதறவிடும்போதும் மொத்தமாக நீரில் கொட்டும். ஃபிளாவோபாக்டீரியா என்ற கூட்டம் காத்திருப்பது இதற்காகத்தான்.

2009 வசந்தத்தில் வரிசை இப்படி அமைந்தது: பெருக்கத்துக்கு முன் சார்11-உம் ரோசியோபாக்டர் கூட்டமும் மேலோங்கியிருந்தன. பாசி உச்சத்தைத் தொட்டுச் சரியத் தொடங்கியதும் உல்விபாக்டர் எழுந்தது. அதன்பின் ஃபார்மோசா, அதன்பின் போலாரிபாக்டர். இவை மூன்றும் ஃபிளாவோபாக்டீரியா. நடுவில் காமாபுரோட்டியோபாக்டீரியா என்ற வேறொரு பெருங்கூட்டத்திலிருந்து ரெயினெக்கேயாவும் சார்92-உம். ஒவ்வொன்றின் உச்சமும் ஒன்றிரண்டு வாரத்துக்கு மேல் நிற்கவில்லை.

ஏன் இந்த வரிசை? ஒரு ஃபார்மோசா செல் லாமினாரினைச் சாப்பிடும் விதத்தைக் கிட்டே போய்ப் பார்த்தால் புரியும். இந்த பாக்டீரியாவுக்கு இரண்டு உறைகள். வெளியுறையில் உள்ள சாதாரணத் துளைகளில் மூன்று நான்கு குளுக்கோஸுக்கு மேல் நீளமான சங்கிலி நுழையாது. அதனால் வெளியுறையின் மேலேயே ஒரு நொதியை நட்டு வைத்திருக்கிறது. அது நீண்ட சங்கிலியை நடுவில் வெட்டுகிறது. வெட்டிய துண்டு மிதந்து போவதற்குள் பக்கத்திலிருக்கும் சஸ்டி என்ற புரதம் அதைப் பற்றிக்கொள்கிறது. சஸ்டிக்குக் கீழே சஸ்சி என்ற குழாய். சஸ்டி அதற்கு மூடி போல வேலை செய்கிறது. துண்டு சேர்ந்ததும் மூடி கவிழ்கிறது, துண்டு உள்ளே இழுபடுகிறது. இரண்டு உறைகளுக்கும் நடுவிலுள்ள இடத்தில் வேறு நொதிகள் அதைத் தனித்தனிக் குளுக்கோஸாக உடைக்கின்றன. வெட்டும் நொதி, மூடி, குழாய், உடைக்கும் நொதிகள் எல்லாவற்றுக்குமான மரபணுக்கள் மரபுத்தொகுதியில் பக்கம் பக்கமாக ஒரே தொகுப்பாக அமைந்திருக்கும். ஒரு தொகுப்பு ஒரு வகைச் சர்க்கரைக்கு. லாமினாரின் தொகுப்பு மட்டும் வைத்திருப்பவர் முதல் பந்தியிலேயே சாப்பிட்டு எழுந்துவிடுவார். மன்னான், சைலான், சல்பேட் ஏறிய சர்க்கரைகள் ஆகியவற்றுக்கும் தொகுப்பு வைத்திருக்கும் சில போலாரிபாக்டர் வகைகள் பின்னால் வரும் பந்திகளிலும் உட்காரும்.

இதில் இன்னொரு நுணுக்கம். ஒளிரும் சாயம் ஏற்றிய சர்க்கரையை நீரில் கலந்து பார்த்தபோது, பல பாக்டீரியாக்கள் துண்டுகளைச் சிந்தாமல் சிதறாமல் உறைகளுக்கிடையே சேர்த்துக்கொண்டதை 2017-இல் ஆய்வாளர்கள் நுண்ணோக்கியில் கண்டார்கள். நொதியை நீரில் உமிழ்ந்து, கரைந்ததை ஊரே பகிர்ந்துகொள்வதுதான் வழக்கம் என்று அதுவரை பெரும்பாலோர் எண்ணியிருந்தார்கள். தன் இலையைத் தானே காத்துக்கொள்ளும் இந்த முறை, நீர்த்த கடலில் உமிழ்ந்த நொதி வீணாகாமல் இருக்க உதவுகிறது. துண்டுகளைச் சிந்தாத இனம் பக்கத்திலிருப்பவர் வளரவும் இடம் தராது. ஒரே நேரத்தில் ஓரிரு இனங்கள் மட்டும் சட்டென்று மேலேறுவதற்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் கணிப்பு.

எல்லாச் சர்க்கரையும் எளிதில் கரைவதில்லை. 2016 வசந்தத்தில் ஹெல்கோலாந்து நீரில் சர்க்கரைகளைத் தனித்தனியாக எதிர்ப்புரதம் கொண்டு பின்தொடர்ந்தபோது, லாமினாரின் வந்த வேகத்தில் தீர்ந்தது. ஆனால் டயாட்டம்கள் சுரந்த, ஃபுக்கோஸும் சல்பேட்டும் கொண்ட ஒரு பிசுபிசுப்புச் சர்க்கரை வாரக்கணக்கில் சேர்ந்துகொண்டே போனது. அதைச் சிதைக்கத் தேவையான நொதிப் பட்டியல் நீளமானது. பழுப்புப் பாசியின் இதே போன்ற ஃபுக்காய்டனைத் தின்னும் லென்டிமோனாஸ் என்ற பாக்டீரியா அதற்காக ஏறத்தாழ நூறு நொதிகளைப் பயன்படுத்துகிறது. இலையில் கடைசிவரை மிஞ்சும் இந்தப் பண்டம் துகள்களாகத் திரண்டு கடலடிக்கு இறங்கினால் அதிலுள்ள கரிமமும் கூடவே இறங்கும்.

2009 முதல் 2012 வரை நான்கு வசந்தங்களையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்ததில் கிடைத்தது இதைவிட முக்கியமானது. எந்தப் பாசி இனம் மேலோங்கியது என்பது ஆண்டுக்கு ஆண்டு மாறியது. பாக்டீரியாவில் சில பெயர்களும் மாறின: 2009-இல் திடீரென எழுந்த ரெயினெக்கேயா பிந்தைய வசந்தங்களில் அந்த அளவுக்கு எழவில்லை. ஆனாலும் முக்கிய ஃபிளாவோபாக்டீரியாக் கிளைகள் திரும்பத் திரும்ப வந்தன. சர்க்கரையைச் சிதைக்கும் மரபணுக்கள் எழும் பாங்கும் திரும்பியது. பாசிகள் பல இனமானாலும் அவை சேமிக்கும் சர்க்கரைகள் சில வகைகள்தாம். வேலை திரும்ப வருவதால் வேலைக்காரர்களும் திரும்ப வருகிறார்கள்.

பெருகியவர்கள் எங்கே போகிறார்கள்?

நாளுக்கு ஒருமுறை இரட்டிக்கும் பாக்டீரியா பத்து நாளில் ஆயிரம் மடங்காக வேண்டும். மொத்த எண்ணிக்கையோ சில மடங்குதான் ஏறுகிறது. மிச்சத்தைத் தின்பவர்கள் இரண்டு பேர். ஒன்று, சாட்டை போன்ற வாலால் நீந்தும், சில மைக்ரான் அளவுள்ள ஒற்றைச்செல் சாட்டை உயிரிகள்; பெரிதாக வளர்ந்த, உடல் பருத்த பாக்டீரியாக்களை இவை முதலில் பிடிக்கும். இன்னொன்று வைரஸ்கள். ஒரு மில்லிலிட்டரில் ஒரு கோடி அளவுக்கு இருக்கும் இவை இனம் பார்த்துத் தொற்றுபவை. ஒரு பாக்டீரியா இனம் எவ்வளவு நெருக்கமாகப் பெருகுகிறதோ அவ்வளவு எளிதாக அதன் வைரஸ் அடுத்த செல்லைக் கண்டுபிடிக்கும். ஃபார்மோசா சரிவதற்கு லாமினாரின் தீர்ந்தது மட்டும் காரணமில்லை. உடைந்த செல்களிலிருந்து கொட்டுவது அடுத்த சுற்றுக்குச் சாப்பாடு.

கோடையும் இலையுதிர்காலமும்

ஜூன் தாண்டினால் வேகம் தணிகிறது. நீரில் பாஸ்பேட்டும் நைட்ரேட்டும் குறைந்து, சிறிய பாசிகளும் சாட்டைப் பாசிகளும் மிஞ்சுகின்றன. சார்11, சார்86, ரோசியோபாக்டர் கிளைகள் மீண்டும் பெரும்பங்கைப் பிடிக்கின்றன. ஆனால் குளிர்காலத்தில் இருந்த அதே சார்11 என்று எண்ணக் கூடாது. சார்11-க்குள்ளேயே கோடைக்கு ஒரு கிளை, குளிருக்கு ஒரு கிளை என்று பிரிந்திருப்பது மத்தியதரைக் கடல் நிலையங்களிலும் நன்றாகத் தெரிகிறது. மேலோட்டமான பெயர்ப் பலகையை மட்டும் பார்த்தால் ஆண்டு முழுவதும் ஒரே கூட்டம் போலத் தோன்றும். இலையுதிர்காலப் புயல்கள் அடிமண்ணைக் கலக்கி நீரைக் குளிர்கால நிலைக்குத் திருப்புகின்றன.

கோடையில் தனியாகச் சொல்லவேண்டியது, காயங்களில் தொற்றும் இனங்களும் உள்ள விப்ரியோ என்ற பாக்டீரியா. இதில் மட்டும் வெப்பமானியின் கை ஓங்கியிருக்கிறது. விப்ரியோ வல்னிபிகஸ் போன்றவை நீர் 20 டிகிரியைத் தாண்டி, உப்பும் குறைவாக இருந்தால் பெருகும். அதனால்தான் உப்புக் குறைந்த பால்டிக் கடல் ஆபத்தான இடம். 2014-இன் கடும் கோடையில் ஸ்வீடனிலும் பின்லாந்திலும் கடலில் குளித்தவர்களின் காயங்களில் விப்ரியோ தொற்று கூடியது. கப்பல்கள் இழுத்துச் சென்ற மிதவையுயிர்ப் பதிவுக் கருவியின் பட்டுத்துணிகளில் ஃபார்மலினோடு காப்பாற்றி வைத்த பழைய மாதிரிகளிலிருந்து மரபணுவை எடுத்து, 1958 முதல் 2011 வரை வட அட்லாண்டிக் கரையோரத்தில் விப்ரியோவின் பங்கு கூடிவந்ததை 2016-இல் காட்டினார்கள். ஹெல்கோலாந்து நீரும் 1962-க்குப் பிறகு ஒன்றரை டிகிரிக்கு மேல் சூடாகியிருக்கிறது. குளிர்காலத்தில் விப்ரியோ வளர்ப்புத் தட்டில் வராது. அதற்காக அது போய்விட்டது என்று அர்த்தமில்லை: உயிரோடு இருந்தும் தட்டில் வளராத நிலைக்குப் போய்விடும், துடுப்புக்காலி உயிரிகளின் கைட்டின் ஓட்டிலும் ஒட்டிக்கொண்டிருக்கும்.

ஒளியா, வெப்பமா, சாப்பாடா?

பிளிமத் எல்4 தரவில் ஆச்சரியமான ஓர் எண் உண்டு. பாக்டீரியா வகைப்பன்மையில் தெரிந்த மாறுபாட்டில் 65 விழுக்காட்டுக்கு மேல், பகல் நீளம் என்ற ஒரே அளவைக் கொண்டு விளக்கிவிட முடிந்தது. இதைப் படித்துவிட்டு 'பாக்டீரியா பகலை அளக்கிறது' என்று எழுதுபவர்கள் இருக்கிறார்கள். அது தவறான வாசிப்பு. பகல் நீளம் என்பது வானியல் கணக்கு; அதில் அளவீட்டுப் பிழை கிடையாது, மேகம் மறைக்காது. ஒளி, வெப்பம், நீர்க்கலப்பு, பாசி எல்லாம் அதன் பின்னால் வெவ்வேறு தாமதத்தோடு வருகின்றன. எல்லாவற்றின் சாயலும் அதில் இருப்பதால் அது நன்றாகப் பொருந்துகிறது.

ஹெல்கோலாந்தின் விளக்கமும் பிளிமத்தின் விளக்கமும் மோதுவதாகச் சிலருக்குத் தோன்றலாம். மாதம் ஒருமுறை பார்த்தால் ஆண்டின் பெரிய வளைவு தெரியும். அதில் பகல் நீளம்தான் முன்னால் நிற்கும். வாரத்தில் இரண்டு மூன்று முறை பார்த்தால் வளைவின் மேலுள்ள கூர்மையான முகடுகள் தெரியும். அங்கே சாப்பாட்டின் வரிசை முன்னால் வரும்.

பருவம் முடிந்தால் அந்தப் பாக்டீரியாக்கள் எங்கே போகின்றன என்ற கேள்விக்கும் எல்4 ஒரு பதில் வைத்திருக்கிறது. ஒரே ஒரு மாதிரியை மட்டும் எடுத்து, கிட்டத்தட்ட ஒரு கோடி மரபணுத் துண்டுகள் கிடைக்கும்வரை ஆழமாக வரிசைப்படுத்தினார்கள். மற்ற மாதங்களில் மட்டும் காணப்பட்ட பல வகைகள் அதிலேயே மிக மிகக் குறைந்த எண்ணிக்கையில் இருந்தன. விதைநெல் மாதிரி எல்லாப் பருவத்திலும் ஒரு கைப்பிடி நீரில் இருந்துகொண்டே இருக்கிறது.

வாளி நீரிலிருந்து வரைபடம் வரை: எங்கெங்கே தவறும்

இந்தத் துறையில் பாதித் தகராறு மாதிரி எடுக்கும் இடத்திலும் எண்ணும் முறையிலும்தான் பிறக்கிறது.

முதலில் இடைவெளி. ஒரு கிளை நாளுக்கு ஒருமுறை இரட்டித்தால் ஆறு நாளில் 64 மடங்கு. அடுத்த வாரம் வைரஸும் சாட்டை உயிரியும் அதைப் பழைய நிலைக்கு இறக்கிவிடும். மாதம் முதல் தேதி மட்டும் நீர் எடுப்பவருக்கு இப்படி ஒன்று நடந்ததே தெரியாது. ஆண்டு முழுவதும் மாதம் இருமுறை, பாசி பெருகும் எட்டுப் பத்து வாரங்களுக்கு வாரம் இரண்டு முறையாவது என்று பிரித்துக்கொள்வது பணத்துக்கும் தரவுக்கும் நியாயம். பெருக்கம் தொடங்கிய பின் ஓடக் கூடாது. பச்சையம் ஏறுவதற்கு முன்னுள்ள இரண்டு மூன்று வாரம் கையில் இல்லையென்றால் ஒப்பிட அடித்தளம் இருக்காது.

இரண்டாவது ஓதம். ஹெல்கோலாந்தில் ஒரு நேரம் எல்பா, வேசர் ஆறுகளின் கரையோர நீர் வந்து நிற்கும், இன்னொரு நேரம் நடுக்கடல் நீர். உப்புத்தன்மை பெரும்பாலும் 30-க்கும் 34-க்கும் நடுவில் ஆடும். இரண்டு நாள் இடைவெளியில் பாக்டீரியா தலைகீழாக மாறியதாகத் தெரிந்தால், உயிர் மாறியதா, நீரே மாறியதா என்று முதலில் உப்புத்தன்மையைப் பார்க்க வேண்டும். ஒரே ஓத நிலையில் எடுப்பது நல்லது. முடியாவிட்டால் ஒவ்வொரு மாதிரிக்கும் உப்புத்தன்மையும் நேரமும் கட்டாயம்.

பாட்டிலில் அடைத்த நீர் கடல் நீராக நீடிக்காது. சுவரில் கரிமம் ஒட்டும், மேய்பவர்கள் குறைவார்கள். சில மணி நேரத்திலேயே ஆல்டெரோமோனாஸ், விப்ரியோ போன்ற வேகக்காரர்கள் பெருகத் தொடங்குவார்கள். இருட்டில், கடல் வெப்பநிலையிலோ கொஞ்சம் குளிராகவோ வைத்து ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் வடிகட்டி முடிக்க வேண்டும். கோடை மாதிரியில் ஆல்டெரோமோனாஸ் பாதிக்கு மேல் வந்தால், கடலைச் சந்தேகிக்கும் முன் அந்த நீர் படகில் எவ்வளவு நேரம் வெயிலில் இருந்தது என்று கேளுங்கள்.

வடிகட்டுதலில் வழக்கமான அடுக்கு 10 மைக்ரான், 3 மைக்ரான், 0.2 மைக்ரான். முதல் இரண்டிலும் பாசியும் துகளும் அவற்றில் ஒட்டியவையும் சிக்கும்; கடைசியில் தனித்து மிதப்பவை. சாதாரண நாளில் ஒரு லிட்டர் சிரமமின்றி இறங்கும். பெருக்கத்தின் உச்சத்தில் 3 மைக்ரான் தாள் சில நூறு மில்லிலிட்டரிலேயே அடைத்துக்கொள்ளும். அடைத்த தாள் துளை சுருங்கிய தாள்; 0.2-க்குப் போகவேண்டிய சிறியவையும் அதிலேயே தங்கிவிடும். பின்னர் 'துகளில் ஒட்டிய பாக்டீரியா கூடியது' என்று எழுதுவது அடைப்பை அளந்த கணக்காகிவிடும். இறக்கம் மெதுவானதும் தாளை மாற்றுங்கள், இறங்கிய அளவை எழுதுங்கள். உறிஞ்சும் அழுத்தம் 200 மில்லிபாரைத் தாண்டினால் மென்மையான செல்கள் உடையும். தாளை உடனே மைனஸ் 80 டிகிரியில் உறையவையுங்கள். கிருமி நீக்கிய நீரை அதே கருவியில் வடித்த ஒரு வெற்றுத் தாளும் ஒவ்வொரு தொகுதிக்கும் வேண்டும்.

எண்ணிக்கைக்குத் தனி மாதிரி. ஃபார்மால்டிஹைடு இறுதிச் செறிவு 1 விழுக்காடு வரும்படி கலந்து, அறை வெப்பத்தில் ஒரு மணி நேரம் நிலைப்படுத்தி, 0.2 மைக்ரான் பாலிகார்பனேட் தாளில் வடித்து, டிஎன்ஏ-வோடு ஒட்டி ஒளிரும் டேபி சாயம் போட்டு ஒளிர்நுண்ணோக்கியில் எண்ணலாம். ஃபார்மோசா எத்தனை, சார்11 எத்தனை என்று பிரித்தறிய, அந்தந்தக் கிளையின் ரைபோசோம் ஆர்என்ஏ-வோடு ஒட்டும் ஒளிரும் துப்புத்துண்டுகள் உண்டு. குறைந்தது ஆயிரம் செல்களாவது எண்ணாமல் விழுக்காடு சொல்லக் கூடாது.

இந்த எண்ணிக்கையை ஏன் வலியுறுத்துகிறேன் என்றால், மரபணு வரிசைப்படுத்தல் தருவது விகிதம் மட்டுமே. குளிர்காலத்தில் மில்லிலிட்டருக்கு 5 லட்சம் செல், அதில் சார்11 40 விழுக்காடு என்று வைத்துக்கொள்வோம்: 2 லட்சம். பெருக்கத்தில் மொத்தம் 20 லட்சம், சார்11 20 விழுக்காடு: 4 லட்சம். விகித வரைபடத்தில் சார்11 பாதியாகச் சரிந்ததாகத் தெரியும். நீரில் அது இரட்டித்திருக்கிறது.

அடுத்து, யார் யார் என்று அடையாளம் காண வரிசைப்படுத்தும் 16எஸ் மரபணுவுக்கு ஒரு செல்லில் எத்தனை படிகள் (நகல்கள்) என்பது. சார்11-இல் ஒரு படி. விப்ரியோவில் பத்து அளவுக்கு. 900 சார்11 செல்லும் 100 விப்ரியோ செல்லும் உள்ள நீரில், 900-க்கு எதிராக 1,000 படிகள். பத்தில் ஒரு பங்கான விப்ரியோ பாதிக்கு மேல் இருப்பதாகக் காட்டும். பாசியின் பசுங்கணிகத்திலும் 16எஸ் இருக்கிறது; அதைக் கழிக்காவிட்டால் பெருக்கத்தின்போது எல்லா விகிதமும் கோணலாகும்.

16எஸ் மரபணுவைப் பிடித்துப் படியெடுக்க உதவும் சிறு டிஎன்ஏ இழைகளான துவக்கித் துண்டுகளின் கதை இன்னும் உறைக்கும். உலகமெங்கும் பயன்பட்ட 806ஆர் துவக்கியின் எட்டாவது எழுத்து சார்11-ஓடு சரியாகப் பொருந்தவில்லை. கடலின் மிகப் பெரிய கூட்டமே குறைத்து எண்ணப்பட்டுவந்தது. 2015-இல் அந்த இடத்தில் நான்கு எழுத்தும் வரலாம் என்று மாற்றியதும் சரியானது. அதன் ஜோடியான 515எஃப் துவக்கியில் ஓர் எழுத்து குளிர்கால ஆர்க்கியாக்களைத் தவறவிட்டது. 2016-இல் வெளியான திருத்தம் அதையும் சேர்த்தது. பழைய தரவையும் புதிய தரவையும் ஒரே கோட்டில் இணைத்து 'சார்11 கூடிவருகிறது' என்று முடிவு கட்டுமுன் எந்தத் துவக்கி என்று பாருங்கள். கணினியில் பிழையான வரிசைகளைக் கழுவுவதும் அப்படித்தான்: பிளிமத்தின் அதே ஆறு ஆண்டுத் தரவு ஒரு முறையில் 8,794 வகைகளையும், மற்றொரு முறையில் 21,130 வகைகளையும் கொடுத்தது. எத்தனை வகை என்ற எண் அவ்வளவு நெகிழ்வானது. குளிர்காலத்தில் கூடுகிறது என்ற பாங்கு இரண்டிலும் நின்றது.

நம் கரைக்கு இதை அப்படியே கொண்டுவர முடியுமா?

முடியாது. ஹெல்கோலாந்தில் பகல் ஏழரை மணியிலிருந்து பதினேழு மணிவரை மாறுகிறது. சென்னையில் பதினொன்றேகால் மணிக்கும் பதின்மூன்று மணிக்கும் நடுவில்தான் ஆடுகிறது. ஒளி இங்கே ஆண்டு முழுவதும் உண்டு. இங்கே பருவத்தைக் கொண்டுவருவது மழையும் ஆறும் நீரோட்டமும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையில் ஆற்று முகத்துவாரங்கள் திறந்து மண்ணும் ஊட்டமும் கொட்டுகின்றன. அதே மாதங்களில் கரையோர நீரோட்டம் தெற்கே திரும்பி, வங்காள விரிகுடாவின் வடபகுதியிலிருந்து உப்புக் குறைந்த நீரை இழுத்துவருகிறது. ஆகவே தமிழகக் கரையில் பகல் நீளத்தை வைத்துக் கணித்தால் ஏமாற்றம்தான். உப்புத்தன்மை, கலங்கல், முகத்துவாரம் திறந்த தேதி மூன்றும் ஒவ்வொரு மாதிரியின் தலைப்பிலும் இருக்கவேண்டும். மழைக்கால நீரில் வண்டல் அதிகம் என்பதால் 3 மைக்ரான் தாள் பாசியே இல்லாமலும் அடைத்துக்கொள்ளும். 10 மைக்ரானுக்கு முன் இன்னொரு வலையும், ஒரே பெரிய வடிப்புக்குப் பதில் பல சிறு வடிப்புகளும் தேவைப்படும்.

பந்திக் கணக்கு மட்டும் இங்கேயும் செல்லும். 2019 செப்டம்பரில் மன்னார் வளைகுடாவில், மண்டபம் பக்கத்து மீனவர்கள் பூங்கோரை என்று சொல்லும் பச்சை நாக்டிலூகா என்ற ஒற்றைச்செல் மிதவையுயிர் பெருகியது; நீரில் ஆக்சிஜன் சரிந்து மீன்கள் செத்து ஒதுங்கின. பெருகிய உயிர் செத்துக் கரையும்போது அதைத் தின்று மூச்சுவிடும் பாக்டீரியாக்களே நீரின் ஆக்சிஜனைப் பெருமளவு செலவழிக்கின்றன. இரவில் ஒளிச்சேர்க்கையும் நின்றுவிடுவதால் அதிகாலையில் ஆக்சிஜன் மிகக் கீழே போகும். பூங்கோரை பச்சைக்கட்டும் நாட்களில் நீர் எடுக்கப் போகிறவர்கள் விடியுமுன் ஒருமுறை, பிற்பகலில் ஒருமுறை என்று ஆக்சிஜனை அளந்து, இரண்டு நேரத்துக்கும் பாக்டீரியா எண்ணிக்கைக்கான தனி மாதிரியை நிலைப்படுத்தி வைக்கவேண்டும். பகல் பதினொரு மணிக்கு மட்டும் எடுத்த அளவு, மீன் செத்த நேரத்து நீரைக் காட்டாது.